முதல் பிரசவமா? பை ரெடியா?

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனபோது ஆசை ஆசையாக பீரோவைத் திறந்து காட்டினாள். அடேயப்பா! ஒரு கடையே உள்ளே இருந்தது. ஃபீடிங் பாட்டில் மட்டும் மூன்று. பவுடர், லோஷன், கண் மை, நடை பழக வாக்கர், தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, ஒரு வயசுக் குழந்தைக்குப் போடுகிற ஜரிகை வைத்த பட்டுப்பாவாடை...

"எல்லாம் வாங்கியாச்சுக்கா. இனிமே குழந்தை வர வேண்டியதுதான் பாக்கி!"

குழந்தை அவசரக் குடுக்கை. டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினெட்டு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும். செக்கப் ஃபைல் எங்கே என்று தேடினால், அது மாமியார் வீட்டில்! ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன பிளட் குரூப்?" பெண்ணுக்கு வலியில் எதுவும் சொல்ல முடியவில்லை. "ஓ பாசிட்டிவ்னு நெனைக்கிறேன்" என்றார் அம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஓ நெகட்டிவ்!

நல்லவேளை, சுகப்பிரசவம். தாய்க்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாயின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் உஷாராக இருந்ததால் ஊசியை நேரத்தோடு போட்டுவிட்டார்கள்.

பீரோ நிறைய சாமான் இருந்தது. ஒரு ஃபைல்தான் இல்லை!

தலைப்பிரசவத்துக்குத் தயாராகும் பல வீடுகளில் நடப்பது இதுதான். கடையில் விற்பதெல்லாம் தேவை என்று தோன்றும். உண்மையில் தேவையானது கண்ணில் படாது. சரி, என்னென்ன வேண்டும், எது வேண்டாம்? வரிசையாகப் பார்ப்போமா?

முதலில் காகிதம், பிறகு சாமான்!

ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். முதல் மாதத்திலிருந்து எடுத்த எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் போட்டு வையுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியவை: உங்கள் பெயர், ரத்த வகை, பிரசவ தேதி, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இரண்டு டெலிபோன் நம்பர்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி விடுங்கள்.

தாயும் சேயும் அட்டை, ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவையும் இதே உறையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் பன்னிரண்டு இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று தருவார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கும் இது உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். 'அதெல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்குத்தானே' என்று அலட்சியமாக இருந்துவிட்டு, பிறகு அலைபவர்கள் நிறைய.

வேலைக்குப் போகிறவரா? 2017-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். விண்ணப்பத்தை ஏழாம் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான வார்த்தை. போன வாரத்திலேயே, பிரசவம் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரியில் ஃபைலோடு ஒரு முறை போய்க் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு புது டாக்டரிடம் புதுக் கதை சொல்லிக் கொண்டிருக்கக் கூடாது. ராத்திரியில் அங்கே டாக்டர் இருப்பாரா, மயக்க மருந்து நிபுணர் எவ்வளவு நேரத்தில் வருவார், ரத்தம் எங்கே கிடைக்கும், பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாமா... இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

எப்போது கிளம்ப வேண்டும்?

குழந்தை 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். டாக்டர் சொல்லும் தேதி ஒரு கணக்கு. அவ்வளவுதான்! அதனால் 36-வது வாரத்தில் பை தயாராக வாசல் பக்கம் இருக்க வேண்டும்.

வலி விட்டு விட்டு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போய், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். வீடு தூரமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே. கீழே சொல்கிறவற்றில் எது நடந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரி:

• பனிக்குடம் உடைந்து நீர் போவது

• ரத்தப்போக்கு

• குழந்தையின் அசைவு குறைவது அல்லது நின்று போவது

• விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலிப்பு

"குழந்தை வெளியே வரப் போறப்ப அசைவு குறையத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசி நாள் வரை அசைவு இருக்க வேண்டும். கிளம்ப வண்டி? தெரிந்த ஆட்டோக்காரர் அல்லது டாக்ஸிக்காரர் இருவரின் நம்பர். அதோடு 108 ஆம்புலன்ஸ்.

அம்மாவின் பை

• முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று அல்லது நான்கு. பால் கொடுக்க வசதி.

• பாலூட்டும் பிரா இரண்டு, உள்ளாடைகள் ஆறு. சிசேரியன் ஆனால் தையல் மேல் அழுத்தாதபடி கொஞ்சம் பெரிய அளவாக.

• பிரசவத்துக்குப் பின் உபயோகிக்கும் பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட்.

• துண்டு இரண்டு, போர்வை, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, செருப்பு.

• ஃபிளாஸ்க், டம்ளர், ஸ்பூன், தட்டு, தண்ணீர் பாட்டில்.

• செல்போன் சார்ஜர், கொஞ்சம் ரொக்கப் பணம், சில்லறை.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நெயில் பாலிஷ் வேண்டாம். உடம்பில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில்தான் மாட்டுவார்கள்.

குழந்தையின் பை

முதல் மாதத்தில் குழந்தைக்குத் தேவை மூன்றே மூன்று: கதகதப்பு, சுத்தம், தாய்ப்பால். இந்த மூன்றுக்கும் எது உதவுமோ அதை மட்டும் வாங்கினால் போதும்.

• பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்த இடுப்புத் துணிகள் இரண்டு டஜன். புதுத் துணியை விடப் பலமுறை துவைத்த வேட்டித் துணிதான் குழந்தையின் தோலுக்கு இதம்.

• முன்பக்கம் நாடா கட்டும் பருத்திச் சட்டை ஆறு. தலை வழியாக மாட்டுகிற சட்டை வேண்டாம். பட்டன், ஜரிகை, ஊசி, கல் எதுவும் வேண்டாம்.

• குழந்தையைச் சுற்ற மெத்தென்ற பருத்தித் துண்டு நான்கு. பிறந்ததும் துடைக்க ஒன்று, சுற்ற ஒன்று என்று பிரசவ அறையிலேயே இரண்டு கேட்பார்கள்.

• தொப்பி இரண்டு, காலுறை இரண்டு ஜோடி. பச்சைக் குழந்தை தலை வழியாக நிறையச் சூட்டை இழக்கும்.

• ரப்பர் ஷீட் இரண்டு, குடை போல விரியும் கொசுவலை ஒன்று.

• டிஜிட்டல் தெர்மாமீட்டர், சிறிய நகவெட்டி, பஞ்சு.

எல்லாத் துணியையும் எட்டாம் மாதமே துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு ஒரு சுத்தமான துணிப்பையில் வையுங்கள். 'குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது' என்று சில வீடுகளில் சம்பிரதாயம் உண்டு. பெரியவர்கள் மனசைப் புண்படுத்த வேண்டாம். வேட்டித் துணி வாங்குவதில்லையே, வீட்டில் இருப்பதுதானே! அதைத் தயார் செய்து வைப்பதற்கு எந்தப் பாட்டியும் தடை சொல்ல மாட்டார்.

டயாப்பர்? வெளியே போகும்போதும் ராத்திரியிலும் போடலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே விட்டு வைக்காதீர்கள். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் வாங்காதீர்கள்!

2015-ல் தமிழக அரசு, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தது. துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சோப்பு, சுண்டி லேகியம் எல்லாம் அதில் இருந்தன. கை கழுவும் திரவம்கூட இருந்தது. ஃபீடிங் பாட்டில் மட்டும் இல்லை! மறந்துவிட்டார்களா என்ன? தெரிந்துதான் விட்டிருக்கிறார்கள். பாட்டிலுக்கும் குழந்தைப் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ல் வந்த சட்டம் தடை செய்திருக்கிறது. சரியாகக் கழுவாத பாட்டில் வயிற்றுப்போக்குக்கு வாசல். பாட்டில் காம்பு பழகிய குழந்தை தாயிடம் பால் குடிக்கத் திணறவும் கூடும். தேவைப்பட்டால் பாலாடை இருக்கிறது.

பவுடர்: தூள் மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். குழந்தைக்குத் தேவையே இல்லை.

கண் மை: சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. கண்ணில் தொற்றும் வரும். திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாதத்தில் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். திருஷ்டி கழிந்தது, கண்ணும் தப்பியது!

கடுகுத் தலையணை: பச்சைக் குழந்தைக்குத் தலையணையே கூடாது. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது மடியில், தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் தலை தானாகச் சரியாகிவிடும்.

வாக்கர்: எந்த வயசிலும் வேண்டாம். கவிழ்ந்து அடிபடும் குழந்தைகள் அதிகம். நடையும் சீக்கிரம் வராது.

முதல் ஒரு மணி நேரம்

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். இதற்குப் பணம் செலவில்லை. ஆனால் மனசைத் தயார் செய்ய வேண்டும்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயிடம் பால் குடிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இது குழந்தைக்குக் கிடைக்கிற முதல் தடுப்பு மருந்து மாதிரி! நோய் எதிர்ப்புச் சக்தி அத்தனையும் அதில் இருக்கிறது. 'கெட்டுப்போன பால்' என்று பீய்ச்சிக் கொட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொட்டுவது பாலையல்ல, குழந்தையின் பாதுகாப்பை.

சிசேரியன் ஆனாலும் பால் கொடுக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்திருந்தால் தாய் விழித்துத்தான் இருப்பாள். ஒருக்களித்துப் படுத்து, நர்ஸின் உதவியோடு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடலாம். 'எனக்கு ஒரு மணி நேரத்தில் குழந்தையைக் கொடுங்கள்' என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

குழந்தையை வெறும் மார்பில், தோலோடு தோலாக அணைத்து, மேலே துணியால் போர்த்திக் கொள்ளுங்கள். கதகதப்பும் கிடைக்கும், பாலும் சீக்கிரம் சுரக்கும். எடை குறைந்த குழந்தைகளுக்கு இதுவே ஒரு சிகிச்சை.

பால் குடிக்கும்போது காம்பு மட்டும் வாயில் போனால் போதாது. சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பில் படிந்திருக்க வேண்டும். வலித்தால் பிடித்தது சரியில்லை என்று அர்த்தம். சுண்டு விரலை வாயோரம் விட்டு விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள்.

"பால் பத்தலை போலிருக்கே..."

இரண்டாம் நாள் ராத்திரி. குழந்தை வீர் வீரென்று அழுகிறது. அறையில் நான்கு பெரியவர்கள். "பால் ஊறலை. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடு", "பவுடர் பால் வாங்கிட்டு வரட்டா?", "எங்க காலத்துல தேன் தொட்டு வச்சோம்." இவர்கள் எல்லோருமே பிரியமானவர்கள். குழந்தை பசியில் அழுகிறதே என்று துடிக்கிறவர்கள். அசதியும் தையல் வலியுமாகக் கிடக்கும் இருபத்து மூன்று வயசுப் பெண்ணால் அந்த நேரத்தில் என்ன வாதாட முடியும்? 'எனக்குத்தான் பால் இல்லையோ' என்று அவளும் அழ ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு விஷயம் தெரிந்தால் பயம் போய்விடும். முதல் நாளில் குழந்தை ஒவ்வொரு தடவையும் குடிப்பது ஒன்றிரண்டு டீஸ்பூன்தான். அந்தச் சொட்டுச் சீம்பால் அதற்குப் போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பால் கட்டும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். இடையில் சர்க்கரைத் தண்ணீரால் வயிற்றை நிரப்பினால் சப்பாது. சப்பாவிட்டால் சுரக்காது. பிறகு உண்மையாகவே 'பால் பத்தலை' என்று ஆகிவிடும்.

போதுமான பால் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அல்ல, ஈரத் துணியை வைத்து! முதல் நாளில் ஒன்றிரண்டு முறை சிறுநீர் போகும். ஐந்தாறு நாள் ஆனதும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் போனால் பால் போதும் என்று அர்த்தம். பிறந்த எடையில் முதல் சில நாளில் கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். கறுப்பாகப் போகும் மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாறும். ராத்திரி பகல் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், கோடையிலும்!

ஆகவே எட்டாம் மாதச் செக்கப்புக்கு அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால், "நேத்துப் பொறந்தவ, எனக்குச் சொல்ல வந்துட்டா!" என்பார்கள். அதையே டாக்டர் சொன்னால் தலையாட்டுவார்கள். "டாக்டர், சேனை வைக்கலாமா? கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?" என்று அவர்கள் எதிரில் நீங்களே கேட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் ராத்திரிச் சண்டையை எட்டாம் மாதமே முடித்துவிடலாம். என்னைக் கேட்டால், பிரசவத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் முதல் இடம் இதற்குத்தான்.

பாட்டி வைத்தியம்: எது ஓகே, எது கூடாது?

பாட்டிமார் மேல் கோபம் வேண்டாம். இளஞ்சூட்டு எண்ணெய் தடவி மெதுவாக உருவி விடுவது, தாலாட்டுவது, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, பால்சுறா கொடுப்பது, நாற்பது நாள் அவளை அலையவிடாமல் வைத்துக்கொள்வது... எல்லாமே நல்ல வழக்கங்கள். தாராளமாகச் செய்யட்டும்.

கூடாதவை இவை. வாயில் தேன், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து வேண்டாம். ஒரு வயசுக்கு முன் தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி குழந்தையின் நரம்பையே தாக்கலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா. தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுக்க வேண்டாம். தொப்புளில் விபூதி, மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உலர்ந்து இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் குழந்தை இருக்கும் அறைக்குள் வேண்டாம்.

குளியல்? பிறந்து ஒரு நாளாவது போகட்டும். தொப்புள் விழும் வரை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொன்ன பிறகுதான் குளியல்.

அம்மாவுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது மட்டும் கூடவே கூடாது. பால் கொடுப்பவளுக்கு நாக்கு வறளும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

பயப்படாதீர்கள்... ஆனால் இதற்கு மட்டும் ஓடுங்கள்!

தும்மல், விக்கல், கொஞ்சம் பால் கக்குவது, மூக்கில் வெள்ளைப் புள்ளிகள், முதுகில் நீலத் திட்டு... இவை சகஜம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் படலாம். ஆணோ பெண்ணோ, மார்பு சற்று வீங்கியிருக்கலாம். தாயின் ஹார்மோன் செய்யும் வேலை அது. தானே சரியாகும். மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்காதீர்கள், சீழ் பிடித்துவிடும்.

மஞ்சள் காமாலை பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு மூன்றாம் நாளில் லேசாக எட்டிப் பார்க்கும். ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் மஞ்சளானாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். 'காலை வெயிலில் காட்டினால் போய்விடும்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நீல விளக்குச் சிகிச்சை இருக்கிறது.

ராத்திரி எத்தனை மணியானாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய மற்ற அறிகுறிகள்: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, 99.5 டிகிரிக்கு மேல் சூடு அல்லது 97.7 டிகிரிக்குக் கீழே சில்லென்று ஆவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ், பச்சையாக வாந்தி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன் சரிபாருங்கள். காசநோய்க்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ்-பி, ரத்தக்கசிவைத் தடுக்க வைட்டமின்-கே ஊசி... இவை போட்டாயிற்றா? அட்டையில் எழுதினார்களா? தைராய்டு, காது கேட்கும் திறன் இவற்றுக்கான சோதனை எப்போது என்றும் கேளுங்கள். அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரம். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள். பெயர் முடிவாகவில்லையா? பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மாவை யார் பார்ப்பது?

குழந்தை வந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் மேல்தான். பெற்றவள் ஓரமாகக் கிடப்பாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய நாப்கின் முழுக்க நனைகிற மாதிரி ரத்தம் போனால், ஜுரமோ துர்நாற்றமோ இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், கடுமையான தலைவலி வந்தால் அவளையும் உடனே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும். தூக்கமும் ஆறுதலும் கிடைத்தால் சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் சிரிப்பே இல்லாமல், தூக்கமில்லாமல், 'இந்தக் குழந்தையை என்னால் வளர்க்க முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது திமிர் அல்ல, சோம்பலும் அல்ல. சிகிச்சை செய்தால் தீரும் நோய். டாக்டரிடம் சொல்லுங்கள்.

கணவன்மார்களே! குழந்தை பிறந்தால் சாக்லேட் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. ஃபைல், வண்டி, ரத்தம் கொடுக்கத் தயாராக இரண்டு நண்பர்கள், பிறப்புப் பதிவு... இவை உங்கள் பொறுப்பு. ராத்திரி துணி மாற்றுவதும், குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதும்கூட! பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லுகிற தைரியமும் உங்களுக்குத்தான் வர வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் பிறகு வரட்டும். முத்தம் கொடுப்பதும் பிறகுதான்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது மாசம்... இரண்டாவது குழந்தைக்கு! போன வாரம் வந்தாள். "அக்கா, இந்தத் தடவை என்ன வாங்கியிருக்கேன் தெரியுமா?" என்றாள். பையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு சாமான்தான். நீல நிற ஃபைல். மேலே பெரிய எழுத்தில் 'ஓ நெகட்டிவ்'!

அந்த மூன்று ஃபீடிங் பாட்டில்? பிரிக்காமலேயே இருக்கிறதாம். எல்லோருக்கும் சுகப்பிரசவமாக வாழ்த்துக்கள்!